பக்கத்து வகுப்பின் கையெழுத்து

ஜூலை மாதத்தில் ஒரு காலை, செல்லபாய் டீச்சரின் வலது கை தோளுக்கு மேலே போகாமல் நின்றுவிட்டது. தலை பின்னுவதற்காகத் தூக்கியவள் வலி பொறுக்காமல் சீப்பைக் கீழே போட்டாள். ஏதோ சுளுக்கு என்று இரண்டு நாள் தைலம் தேய்த்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, தோள்மூட்டு இறுகிப் போயிருக்கிறது, சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வருவதுதான், இளகி வர ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றார்.

சமையலுக்குக் கை மேலே போக வேண்டியதில்லை. கொடியில் துணி போட மகன் விஜின் இருந்தான். ஆனால் கரும்பலகை தோளுக்கு மேலேதான் இருக்கிறது. இரண்டு வாரம் பலகையின் கீழ்ப்பாதியில் குனிந்து எழுதிச் சமாளித்தாள். பின்னால் இருந்த பிள்ளைகள் ஒன்றும் தெரியவில்லை என்று எழுந்து நின்று பார்த்தார்கள். வகுப்பில் உயரமான ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தான் சொல்லச் சொல்ல எழுதவைத்தாள். அந்தப் பிள்ளை 7ஐ 1 மாதிரி எழுதும். விடையெல்லாம் தப்பாக வந்தது.

ஆரியசாலைக் கடைத்தெருக்களுக்குப் பின்னால் இருக்கும் அரசுப் பள்ளி அது. பள்ளி முழுக்க மலையாளம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பிரிவு மட்டும் தமிழ். மொத்த வியாபாரக் கடைகளில் சுமை இறக்குபவர்களின் பிள்ளைகள், தென்காசிப் பக்கமிருந்து ஹோட்டல் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பழைய வியாபாரக் குடும்பங்களில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு பேர். செல்லபாயும் இதே பள்ளியில், இதே தமிழ்ப் பிரிவில் படித்தவள்தான். அமரவிளையிலிருந்து அன்றும் பஸ்ஸில் வந்தாள், இன்றும் பஸ்ஸில்தான் வருகிறாள்.

ஆகஸ்டில் பழைய மாணவர் சங்கம் பள்ளிக்கு இரண்டு பென் டேப்லெட் வாங்கிக் கொடுத்தது. கம்ப்யூட்டர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த சஜி சார் அதில் ஒன்றை நேராக அவளிடம் கொண்டுவந்தார்.

"டீச்சரே, இத ஒண்ணு யூஸ் பண்ணி நோக்குங்க. கை மேல பொக்கவே வேண்டாம். மடியில வச்சு எழுதினா மதி, அது போதும்," என்றார்.

பெரிய சிலேட் அளவில் ஒரு கறுப்புத் தகடு. கூட ஒரு பேனா, மை கிடையாது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ரிசீவர். அதைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டால் போதும், கம்பி எதுவும் வேண்டாம். தகட்டின் மேல் பேனா போகிற வழியெல்லாம் புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் எழுத்தாக வரும். பக்கம் புரட்டலாம், படம் திறக்கலாம், எழுதியதை அழிக்கலாம், எல்லாம் அந்தப் பேனாவாலேயே. பேட் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

முதல் வாரம் அது அவளைப் படாத பாடு படுத்தியது. கை மடியில் இருக்கிறது, கண் சுவரில் இருக்கிறது; இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கோடு போட்டால் அது எங்கோ போய் முடிந்தது. பேனாவின் பக்கவாட்டில் இருந்த பொத்தானில் விரல் பட்டுவிட்டால், கேட்காமலே ஒரு பட்டியல் வந்து கணக்கை மறைத்துக்கொண்டு நின்றது. ஐம்பத்துமூன்று வயதில் அகரம் எழுதிப் பழகுகிறேன் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாள். ஓணம் லீவுக்கு பேடை வீட்டுக்கே எடுத்துப்போய், விஜினின் கம்ப்யூட்டரில் பழகினாள். லீவு முடிந்து வந்தபோது கைக்கும் கண்ணுக்கும் சமாதானம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. பலகைக்கு முன்னால் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே எழுதினாள். பலகைக்கு வா என்றால் தலையைக் குனிந்துகொள்ளும் ஷீனா என்ற பிள்ளையிடம், இருந்த இடத்திலேயே பேடை மடியில் வைத்துக் கொடுத்தாள். ஷீனா யாருக்கும் முகம் காட்டாமல் ஒரு சமன்பாட்டை முழுக்கப் போட்டு முடித்தாள். இருபத்தெட்டு வருஷ வேலையில் இப்படி ஒன்றைச் செல்லபாய் பார்த்ததில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் கால் வலிக்கிறதென்று கடைசிப் பெஞ்சில், ஜன்னலோரமாக உட்கார்ந்து பாடம் எடுத்தாள். உட்கார்ந்த பிறகுதான் மனதில் பட்டது. ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவு இப்போது நடக்கும் அந்த அறை, 1987இல் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவு நடந்த அறை. அந்த ஜன்னலோரக் கடைசிப் பெஞ்சு அவளுடைய இடம். டீச்சராக வந்த இத்தனை வருஷத்தில் அந்த அறையைப் பலகைப் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறாள். பின்னாலிருந்து பார்த்தபோது அது வேறு அறையாக இருந்தது. வரிசையாகப் பின்னல்கள், ரிப்பன்கள், முன்னால் எங்கோ வெளிச்சத்தில் எழுத்து. ஜன்னலுக்குக் கீழே அதே சந்து. அந்தக் காலத்தில் வற்றல் மிளகாய் மூட்டை இறக்கும் நாட்களில் வகுப்பு மொத்தமும் தும்மும். பாடம் நடத்த வழியில்லாமல் டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அது அவர்களுக்குப் பெருநாள் மாதிரி.

அவர்களுக்கு என்றால் செல்லபாய்க்கும் அனந்திக்கும். முழுப்பெயர் அனந்தலக்ஷ்மி. கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவிலிருந்து நடந்து வருவாள். எட்டாம் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சில் வந்து சேர்ந்தார்கள். பத்தாம் வகுப்புவரை ஒருத்தியை விட்டு ஒருத்தி உட்காரவில்லை. வகுப்பில் பேச முடியாது என்பதால் அனந்தியின் ரஃப் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இவள் ஒரு வரி எழுதி நகர்த்துவாள், அவள் ஒரு வரி எழுதி நகர்த்துவாள். இன்று என்ன டிபன், பஸ்ஸில் யாருடைய கால் யார் மேல் பட்டது, யாருக்கு யார் மேல் கோபம் என்று உலகத்தில் உள்ள எல்லாமே அந்த நோட்டில் இருந்தது. பக்கம் தீர்ந்தால் அனந்தி புது நோட்டு கொண்டுவருவாள். அந்த மூன்று வருஷத்தைப்போல செல்லபாய் யாரோடும் அவ்வளவு பேசியதில்லை, கல்யாணத்துக்குப் பிறகும்கூட.

அது ஒரு நாளில் முடிந்துபோனது.

கணக்கு எடுத்த கோமதியம்மாள் டீச்சரின் கணவர் அந்த வருஷம் வீட்டைவிட்டுப் போயிருந்தார். செல்லபாயின் சித்தி அந்தப் பேச்சை எங்கோ கேட்டு வந்து வீட்டில் சொல்ல, செல்லபாய் அதை நோட்டில் எழுதினாள். 'டீச்சரின் மாப்பிள்ளை நாகர்கோவிலில் வேறொருத்தியோடு இருக்கிறாராம். அதுதான் டீச்சர் இப்போது கண்மை இடுவதில்லை.' எழுதி அனந்தியின் பக்கம் நகர்த்திய நேரம் டீச்சர் அருகில் வந்து நின்றார்கள். நோட்டை எடுத்தார்கள். வாசித்தார்கள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. யார் எழுதியது என்று மட்டும், ரொம்ப மெதுவாகக் கேட்டார்கள். நோட்டின் அட்டையில் அனந்தியின் பெயர் இருந்தது. அனந்தி எழுந்து நின்று, நான்தான் என்றாள்.

செல்லபாய் எழுந்திருக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. மறுநாள் அனந்தியின் அப்பா ஸ்ரீனிவாசன் பள்ளிக்கு வந்தார். திங்கட்கிழமை முதல் அனந்தி வரவில்லை. வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். மார்ச் வரைக்கும் அந்தப் பெஞ்சில் செல்லபாய் தனியாக இருந்தாள்.

முப்பத்தெட்டு வருஷம் கழித்து, இந்த ஜூனில், பாலக்காட்டுப் பக்கமிருந்து மாற்றலாகி ஒரு சமூக அறிவியல் டீச்சர் வந்து பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். தலைமையாசிரியை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தபோது, நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக நின்றவளைச் செல்லபாய் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அனந்தலக்ஷ்மியும் கண்டுகொண்டாள் என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. சுகம்தானே டீச்சர் என்று அவள் கேட்டாள். சுகம் டீச்சர் என்று இவள் சொன்னாள். அவ்வளவுதான். ஸ்டாஃப் ரூமில் செல்லபாய் தன் நாற்காலியை மறுபக்க ஜன்னலுக்கு மாற்றிக்கொண்டாள். காற்று வேண்டும் என்று காரணம் சொன்னாள். ஆறு மாதம் டீச்சர், டீச்சர் என்று இருவரும் அட்டெண்டன்ஸ் புத்தகத்தையும் சாவிக்கொத்தையும் கைமாற்றிக்கொண்டார்கள். அடுத்தடுத்த அறை, நடுவில் ஒரு சுவர். இரண்டாவது பேட் அந்தப் பத்தாம் வகுப்புக்குத்தான் போயிருந்தது.

டிசம்பரில் தேர்தல் வந்தது. பள்ளிதான் ஓட்டுச்சாவடி. கம்ப்யூட்டர்களையும் புரொஜெக்டர்களையும் கழற்றி ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்தார்கள். எல்லாம் முடிந்து பள்ளி திறந்த அன்று, யார் யாரோ சேர்ந்து தூக்கி வந்து திரும்ப மாட்டினார்கள். சஜி சார் தேர்தல் வேலை பார்த்த களைப்பில் அன்று லீவு.

மத்தியானத்துக்கு முந்திய பீரியடில் செல்லபாய் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பேடை மடியில் வைத்து, (x + 3) என்று எழுதினாள். சுவரில் ஒன்றும் வரவில்லை. அழுத்தி எழுதினாள். அப்போதும் வரவில்லை. பேனாவைத் தட்டிப் பார்த்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி பெரிதாக எழுதினாள். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அப்போது இவர்களுடைய சுவரில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. ஒரு மலை வரைந்தது. மலைக்கு இந்தப் பக்கம் மேகமும் மழைக்கோடுகளும் போட்டது. அந்தப் பக்கம் ஒன்றும் போடாமல், கீழே ஒரு வரி எழுதியது.

மழை மறைவுப் பகுதி.

வகுப்பு முதலில் அமைதியாகி, பிறகு கலகலத்தது. டீச்சர், பேய் எழுதுகிறது என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் அவளைப் பிடித்து உலுக்கினார்கள். ஷிஜா என்ற கெட்டிக்காரப் பிள்ளைக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது.

"ரிசீவர் மாறிப்போச்சு டீச்சர். நம்மளோடது அங்க, அவங்களோடது இங்க. நீங்க எழுதினது பத்தாம் கிளாஸுல தெரியுதாக்கும்," என்றாள்.

செல்லபாய் அவள் சொன்னதைக் கேட்டாளா என்பதே சந்தேகம். அவள் அந்த 'ழை'யைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தின் வால் கீழே இறங்கி, போதும் என்று நிற்காமல், திரும்பி உள்ளே வந்து எழுத்துக்கு அடியிலேயே படுத்துக்கொள்ளும். உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் ழகரத்தை அப்படி எழுதுவாள். இதற்காக எட்டாம் வகுப்பில் இருநூறு தடவை இம்போசிஷன் எழுதினாள். இருநூற்று ஒன்றாவது ழகரமும் அப்படியே இருந்தது. ஸ்டாஃப் ரூமில் ஆறு மாதம் பார்த்த நரைத்த தலையும் டீச்சர் என்ற குரலும் செல்லபாய்க்கு அந்நியமாகவே இருந்தன. இந்த எழுத்து அந்நியமாக இல்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மிளகாய்க் கடைகள் பல அந்தச் சந்திலிருந்து போய் வெகு நாளாகிறது.

போய் மாற்றிவிட்டு வரட்டுமா என்று ஷிஜா கேட்டாள். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. பிறகு பார்க்கலாம், போங்கள் என்று செல்லபாய் அனுப்பிவிட்டாள். தட்டுகளின் சத்தத்தோடு பிள்ளைகள் சமையல்கூடத்துப் பக்கம் ஓடினார்கள். அறை காலியானது. அவள் எழுந்திருக்கவில்லை.

சுவரில் அந்த மலை அப்படியே இருந்தது. பக்கத்து அறையிலும் காலடிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. அனந்தலக்ஷ்மியும் சாப்பிடப் போயிருப்பாள் என்று நினைத்து அவள் பேடை எடுத்து வைக்கப் போனபோது, அம்புக்குறி லேசாக அசைந்தது. மலைக்கு அடியில் ஒரு புது வரி வந்தது.

x + 3 கோணலாக இருக்கிறது.

செல்லபாய் அதை இரண்டு முறை வாசித்தாள். வேறு யாரும் பார்த்தால் ஒரு டீச்சர் இன்னொரு டீச்சருக்குச் சொல்லும் தகவல். ஆனால் இது நோட்டை நகர்த்தி வைப்பது என்று செல்லபாய்க்குத் தெரியும். இப்போது இவளுடைய முறை.

பேனாவை எடுத்தாள். தான் எழுதுவது தனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் தெரியும். கண் துணை இல்லாமல் கை மட்டும் எழுத வேண்டும். ஏதாவது வேடிக்கையாக எழுதலாம் என்றுதான் தொடங்கினாள். எழுதியது வேறு.

'அன்றைக்கு எழுதியது நான். எழுந்திருக்காமல் இருந்ததும் நான்.'

எழுதிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிஷம்தான் இருக்கும். கீழே கஞ்சிப் பாத்திரத்தில் கரண்டி இடிபடும் சத்தம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. பிறகு எழுத்து வந்தது.

தெரியும்.

கொஞ்சம் விட்டு, அதற்குக் கீழே:

டீச்சருக்கும் தெரியும்.

அவள் அதன் பொருளைப் பிடிப்பதற்குள் ஷிஜா உள்ளே ஓடிவந்தாள். மறந்துவிட்டுப் போன தட்டை பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுக்கும்போது சுவரில் மூன்றாவது வரி எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. நீ ஏன் ஒரு நாள்கூட வரல்லை? ஷிஜா நின்று வாசித்தாள்.

"யார் டீச்சர் வரல்ல?"

"நீ போய்ச் சாப்பிடு மக்களே," என்றாள் செல்லபாய்.

பிள்ளை போனதும் அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதற்குப் பதிலை எழுதிக் காட்ட முடியாது என்று தோன்றியது. பேடை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து, வராந்தாவில் பத்தடி நடந்து, பத்தாம் வகுப்பு வாசலில் போய் நின்றாள்.

அந்த அறைச் சுவரில் அவளுடைய கையெழுத்து இருந்தது. ஒரு வரி ஏறியும் ஒரு வரி சரிந்தும், 'எழுந்திருக்காமல்' என்ற சொல் x + 3இன் மேலேயே ஏறிக்கொண்டும், சுவர் கொள்ளாத அளவில். அனந்தலக்ஷ்மி மேசைக்குப் பின்னால் பேடை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்தேன்," என்றாள் செல்லபாய் வாசலிலிருந்தே. "ஒங்க தெருமுக்கு வரைக்கும் வந்தேன், கேட்டியா. அந்த வாரமே, ஞாயித்துக்கிழமை, சர்ச்சு முடிஞ்சு. ஒங்க அப்பா காய்கறிப் பையோட எதிர்ல வந்தாரு. யாரைப் பாக்கணும்னு கேட்டாரு. என்னை அவருக்குத் தெரியாதா? ஆரையும் இல்லைன்னு சொல்லித் திரும்பிப் போயிட்டேன்."

அனந்தலக்ஷ்மி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"நான் மூணு ஞாயிறு மாடி ஜன்னல்லேயே உட்காந்திருந்தேண்டி," என்றாள். "அப்பா சொல்லவே இல்லை. உள்ள வா. வாசல்ல நிக்காதே."

செல்லபாய் உள்ளே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அனந்தலக்ஷ்மி சொன்னதெல்லாம் அவளுக்குப் புதிது. அனந்தியைப் பள்ளியிலிருந்து நிறுத்திய மறுநாள் கோமதியம்மாள் டீச்சர் அவர்கள் வீட்டுக்கே போயிருக்கிறார்கள். வாசலிலேயே நின்று, இது உங்கள் மகளின் கையெழுத்து இல்லை, இரண்டு பேருடைய நோட்டையும் மூன்று வருஷமாகத் திருத்துகிறேன், எனக்குத் தெரியாதா, பிள்ளையைத் திரும்ப அனுப்புங்கள் என்று ஸ்ரீனிவாசனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் மகள் எழுதியிருந்தால் நான் அவளைக் கண்டித்துத் திரும்ப அனுப்பியிருப்பேன், எழுதாததை எழுதினேன் என்று சொல்லும் அளவுக்கு அவளுக்கு அங்கே ஒரு சகவாசம் இருக்கிறது, அதனால்தான் அனுப்பமாட்டேன் என்றாராம். கதவுக்குப் பின்னால் நின்று அனந்தி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

செல்லபாய்க்கு முதலில் வந்தது ஆறுதல் இல்லை, கோபம். யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்போ எல்லாருக்கும் தெரியும்," என்றாள். "எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. முப்பத்தெட்டு வருசம்."

அந்த நோட்டு சம்பவத்துக்குப் பிறகும் கோமதியம்மாள் டீச்சர் அவளுக்கு ஐந்து மாதம் கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு மதிப்பெண் குறைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவளுடைய நோட்டைத் திருத்தும்போது அந்தக் கையெழுத்தை டீச்சர் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கையில் அவளுக்கு உடம்பு கூசியது. பதினோரு வருஷத்துக்கு முன் டீச்சர் இறந்தபோது போய்க் காலடியில் நின்றாள். சொல்ல வேண்டியதைக் கடைசிவரை சொல்லாமல் விட்டுவிட்டோமே என்றுதான் அன்று அழுதாள்.

"நீ ஏன் நான்தான்னு சொன்ன?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அதிகம் கேட்டுக்கொண்ட கேள்வி அதுதான்.

அனந்தலக்ஷ்மி யோசித்துப் பதில் சொன்னாள். "பெரிய தியாகம் எல்லாம் இல்லை. நேக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். அப்பா வருவார், ஹெட்மாஸ்டர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுவார், ரெண்டு பேரும் பேசிண்டு இருந்துட்டு என்னை மன்னிச்சு விட்டுடுவா. உன் அப்பா வந்தா யார் நாற்காலி போடப் போறா? உனக்கு டிசியைக் கிழிச்சுக் குடுத்திருப்பா. அந்த வயசுலயே அது எனக்குத் தெரிஞ்சிருந்தது பாரு."

பிறகு அனந்தலக்ஷ்மி சுவரைக் காட்டி, பசங்க வந்துடுவா, முதல்ல அதை அழி என்றாள். அழிப்பதற்கு அவளுடைய பேட் உதவாது. செல்லபாயின் பேடுதான் அந்தச் சுவருக்கு எழுதும். செல்லபாய் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பேனாவைத் திருப்பி ஒவ்வொரு வரியாக அழித்தாள்; பக்கத்து அறைச் சுவரில் இருந்ததை அனந்தலக்ஷ்மி தன் பேடால் பார்க்காமலே அழித்தாள். அந்த வாக்கியம் போய், x + 3 போய், அனந்தலக்ஷ்மி பாடத்துக்காக முன்பே திறந்து வைத்திருந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் வரைபடம் மட்டும் நின்றது. சாப்பிடக் கால் மணிகூட மீதி இல்லை. அனந்தலக்ஷ்மியின் தயிர்சாதத்தை இருவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். செல்லபாயின் டப்பாவில் மீன்குழம்பு இருந்தது. அதைத் திறக்க வேண்டாம் என்று அவள் மூடியே வைத்திருக்க, வாசனை ஏற்கெனவே வந்தாச்சு, நீ தாராளமாச் சாப்பிடு என்று அனந்தலக்ஷ்மி சொன்னாள்.

மறுநாள் சஜி சார் வந்து, இரண்டு ரிசீவரையும் ஒரு நிமிஷத்தில் இடம் மாற்றி, ஒன்பது, பத்து என்று துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். இனி இப்படி ஆகாது டீச்சரே என்று உறுதி சொன்னார். செல்லபாய் நன்றி சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் அது பொய். முப்பத்தெட்டு வருஷம் சின்னச் சாமானில்லை. அனந்தலக்ஷ்மி தன் மகன் புனேயில் வாங்கிய வீட்டைப்பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். எந்த அறையில் எந்தத் திசைக்கு ஜன்னல் என்பதுவரை செல்லபாய்க்குப் பாடமாகிவிட்டது. செல்லபாய் சொல்லும் வேடிக்கைகள் அனந்தலக்ஷ்மிக்குப் பாதி புரிவதில்லை. சில விஷயங்களில் இருவருக்கும் ஒத்துப்போகாது என்று தெரிந்து, அந்தப் பேச்சை இருவருமே எடுப்பதில்லை. ஆனால் ஸ்டாஃப் ரூமில் டீச்சர் என்பது போய், நீ, வா, போ என்று ஆனது. திடீரென்று இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று மற்றவர்கள் கேட்டார்கள். ரிசீவர் மாறிப்போச்சு என்று செல்லபாய் சொன்னாள். யாருக்கும் விளங்கவில்லை, அனந்தலக்ஷ்மிக்கு மட்டும், அந்த ஒரு தடவை, சிரிப்பு வந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று அனந்தலக்ஷ்மி தானாகவே சொன்னாள். கோட்டைக்குள் இருந்த பழைய வீட்டை விற்று எவ்வளவோ காலமாகிறது. அவள் இப்போது கரமனையில் வாடகைக்கு இருந்தாள். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று செல்லபாய் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அன்று ஆராதனை முடிந்ததும் யாரோடும் நின்று பேசாமல் நேராக அமரவிளை பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றாள். மூன்று பஸ் வந்து போனது. நான்காவது பஸ் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. அதிலிருந்து அனந்தலக்ஷ்மி குடையை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள். பள்ளிக்கு ஒருநாளும் கட்டாத ஒரு நல்ல புடவை கட்டியிருந்தாள். கண்டக்டர் ஸ்டாப்பைத் தாண்டித்தான் நிறுத்துவேன் என்று பிடிவாதம் பிடித்தான் என்று வந்ததும் குறை சொன்னாள்.

பிறகு ஸ்டாப்புக்கு எதிரே இருந்த கடையைப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வரமாட்டேன், ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொள்கிறேன் என்று சாலையைக் கடக்கக் கிளம்பினாள். வீட்டில் ஒரு தார் தொங்குகிறது, வேண்டாம் என்று செல்லபாய் அவள் கையைப் பிடித்தாள். அது உன் பழம், இது நான் கொண்டுவர்றது என்றாள் அனந்தலக்ஷ்மி. லாரி ஒன்று போகும்வரை இருவரும் சாலையோரத்தில் அப்படியே, கையை விடாமல், பழத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு நின்றார்கள்.